தம்பி, கனடாப் பேச்சை நான் இனி எடுக்கமாட்டேன்

அன்புள்ள தம்பி,

நீ வெளிநாடு போகாமல் ஊரிலேயே நின்று குளம் திருத்தவேண்டும் என்கிறாய். வீட்டில் இந்தக் கதையை எடுத்தால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். உன் வயதுப் பிள்ளைகள் இருக்கிற மற்ற வீட்டாரும் வாசிக்கட்டும் என்றுதான் எல்லோருக்கும் தெரிய எழுதுகிறேன்.

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை அரசாங்கம் கைவிரித்துவிட்டது. பெற்றோல் வரிசையில் இரவிரவாக மோட்டார் சைக்கிளோடு நின்றபடி உனக்குப் போன் எடுத்து, படிப்பை முடித்த கையோடு கனடாவுக்கோ எங்கேயோ போய்விடு, காணியை விற்றாவது காசு தருகிறோம் என்று சொன்னது நான்தான். நீயோ எங்களுக்குச் சொல்லாமல் கொழும்புக்குப் போயிருந்தாய். மே 18 அன்று, அரசாங்கத்துக்கு எதிராகப் போராட்டம் நடந்த காலிமுகத்திடலில், முள்ளிவாய்க்காலில் செத்துப்போன எங்கள் சனத்தை நினைவுகூர்ந்தார்கள், சிங்களப் பிள்ளைகளும் பக்கத்தில் நின்றார்கள் என்று நீ இரவு சொன்னபோது எனக்குப் பயமும் கோபமும்தான் வந்தது. போர் முடிந்து பதின்மூன்று வருடம் கழித்து வந்த ஒரு நாளை நம்பி வாழ்க்கையைக் கொடுக்கப்போகிறாயா என்று கேட்டேன்.

அந்தக் கேள்வி பிழை என்று இப்போதும் நினைக்கவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் வந்து இருந்தார்கள், பிள்ளைகள் எங்கே என்ற கேள்விக்கு அவர்களுக்கு இன்னும் பதில் இல்லை. அப்படியிருக்க, நாட்டைக் கட்டியெழுப்புங்கள் என்று எங்கள் பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் போன மாதம் நீ என்னை அந்தச் சின்னக் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாயே, அதிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடுகிற துருசின் கதவு துருப்பிடித்துப் பாதியில் இறுகிப்போய், கீழே மண்மூட்டையும் பழைய சாரமும் வைத்து அடைத்திருந்தார்கள், அப்படியும் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. நீ குந்தியிருந்து முழங்கை வரை கையை உள்ளே விட்டு, எவ்வளவு தூரம் வெடித்திருக்கிறது என்று தடவிப் பார்த்தாய். குளம் மண்ணேறிக் கிடப்பதால் மாரியில் கொஞ்ச மழைக்கே வான் பாய்ந்துவிடுகிறது, ஆடியில் மாட்டுக்குக்கூடத் தண்ணீர் இல்லை என்றாய். இடப்பெயர்வுக்கு முன்னர் துருசு திறந்த அந்த ஐயா பழைய வாய்க்கால் ஓடிய வழியைத் தடியால் மண்ணில் கீறிக் காட்ட, நீ கொப்பியில் அப்படியே பதிந்துகொண்டாய். கிளிநொச்சி அறிவியல்நகர்ப் பல்கலைக்கழக வளாகத்தில் நாலு வருடம் படித்ததை அந்த மனுசனிடம் கேட்டுச் சரிபார்க்கிறாய் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

2009இல் உனக்கு எட்டு வயது. போரில் இடம்பெயர்ந்த எங்களை வைத்திருந்த செட்டிக்குளம் முகாமில் தண்ணீர் பவுசர் வரும்போது உன் உயரத்துக்குப் பாதி இருந்த கானைத் தூக்கிக்கொண்டு ஓடினாய். வரிசையில் நின்று தண்ணீர் வாங்கிய பிள்ளை, சனம் தங்கள் குளத்துத் தண்ணீரில் விதைக்கவேண்டும் என்று நினைக்கிறது. அதைப் போய் விளையாட்டுப் புத்தி என்று சொல்லிவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், உண்மையாகவே.

உன்னோடு படித்தவர்களில் போனவர்களையும் நான் குறை சொல்லவில்லை. கடன் கழுத்தை நெரிக்கிற வீடு, தங்கச்சிமார் இருக்கிற வீடு, அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. நீயும் ஒருநாள் போகவேண்டி வந்தால் போ, அதற்காக வெட்கப்படவேண்டாம்.

சரி, இனி வேலைக் கதை. கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் முதலில் அந்த ஐயாவைப் பேசவிடு, நீ பிறகு பேசு. கந்தோரில் வாயால் சொல்வதை நம்பாதே, கடிதமாகக் கொடுத்து, கிடைத்தது என்று பிரதியில் கையெழுத்து வாங்கு. அன்றைக்குச் செருப்போடு புல்லுக்குள் இறங்கினாய், பாம்பு கிடக்கும், கம்பூட்ஸ் வாங்கக் காசு அனுப்புகிறேன். அம்மாவோடு நான் பேசுகிறேன். காணி விற்கிற கதையை அப்பாவிடமும் நானே நிறுத்துகிறேன்.

அன்புடன்,
அக்கா