பஞ்சுருட்டான் வளைகளும் ஆற்று மணலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெரும்போக அறுவடை முடிந்து முந்தனை ஆற்றில் நீர் வற்றத் தொடங்கும் பங்குனியில், நண்பர்கள் நால்வர் மட்டக்களப்பு மாவட்டத்தின் செங்கலடிக்கு அப்பால் கரையோரமாக நடந்து பறவை பார்ப்பது சில வருடங்களாக எங்கள் வழக்கம். மாரியில் வந்த வலசைப் பறவைகள் பெரும்பாலும் சித்திரைக்குள் வடக்கே திரும்பிவிடும். நீலவால் பஞ்சுருட்டானும் அவ்வாறு போவதுதான். ஆயினும் அவற்றுள் சில கிழக்கிலேயே தங்கி, ஆற்றங்கரை மணலில் வளை தோண்டிக் குஞ்சு பொரிப்பது நம்மவர் பலர் அறியாத செய்தி.

அது வளை தோண்டுவதைப் பார்த்தால் நேரம் போவது தெரியாது. அலகால் குத்தி மண்ணை இளக்கி, உள்ளே புகுந்து, கால்களால் பின்புறமாக விசிறும்போது, கரையில் நிற்பவருக்குத் துளையிலிருந்து மணல் பீறிடுவது மாத்திரமே தெரியும். ஒரு மீற்றருக்கும் மேல் நீளும் அந்த வளையின் கோடியில்தான் வெள்ளை முட்டைகளை இடுகிறது. இணைப் பறவை பட்ட கொப்பொன்றில் தும்பியை அடித்துக்கொண்டிருக்கும். (தேனீயையும் பிடிப்பதால் தேனீ வளர்ப்போருக்கு இதன்மேல் கோபம் உண்டு; அது நியாயமே.)

மணல் ஏற்றும் உழவு இயந்திரங்கள் ஆற்றுக்குள் இறங்க வசதியானதும் இதே மாதங்கள்தான் என்பதே சிக்கல். கடந்த வருடம் நாங்கள் இருபதுக்கும் மேற்பட்ட வளைகளை எண்ணிய கரை, அடுத்த வாரம் செங்குத்தாக வெட்டப்பட்டிருந்தது. வெட்டுமுகத்தில் பாதியாய் அறுந்த வளையொன்றும், அதன் கீழே முட்டை ஓடுகளும், சில்லுத் தடங்களும் கிடந்தன. உரிய அலுவலகத்தில் முறையிட்டபோது, அனுமதிப்பத்திரம் உள்ள இடம் என்ற ஒரு வரியோடு அனுப்பிவிட்டார்கள்.

வீடு கட்டுவோருக்கு மணல் வேண்டும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நடைமுறையில் இருக்கும் நாட்டில், மணல் அகழ்வுக்கு அனுமதி வழங்குமுன் வனசீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தர் ஒருவர் கரையை நேரில் பார்ப்பதும், வளைகள் உள்ள பகுதியைப் பங்குனி முதல் ஆனி வரை விலக்கி வைப்பதும் பெரிய காரியமல்ல. எங்கள் குறிப்பேட்டில் உள்ள இடங்களைக் காட்ட நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். ஒரு காலைப்பொழுது போதும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
செங்கலடி.