நத்தையின் மூச்சில் பாதியைத்தான் அளக்கிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெப்பநிலைக்கு ஏற்ப நன்னீர் நத்தையின் சுவாசமும் நகர்வும் எவ்வாறு மாறுகின்றன என்பதை மாணவர்கள் அறிவியல் கண்காட்சிகளில் அளந்து காட்டுவது மகிழ்ச்சி தருகிறது. ஆனால், நம் வயல்களிலும் குளங்களிலும் வாழும் பைலா நத்தையை நீர் நிரப்பி இறுக மூடிய குப்பிக்குள் இட்டு, கரைந்துள்ள ஆக்சிஜன் எவ்வளவு குறைந்தது என்பதை விங்க்ளர் முறையில் (நீரில் கரைந்த ஆக்சிஜனை வேதிப்பொருள்களைச் சேர்த்து அளக்கும் முறை) கண்டறிந்து, அதுவே அதன் முழுச் சுவாசம் என்று முடிவு எழுதுவதை ஏற்க இயலவில்லை.

பைலாவுக்கு வலப்புறம் செவுளும் இடப்புறம் நுரையீரல் பையும் உண்டு. நீரில் ஆக்சிஜன் குறைந்தால் அது மேற்பரப்புக்கு வந்து, உடலின் இடப்பக்கத்தில் உள்ள சதை மடலைக் குழல்போல் சுருட்டி நீட்டிக் காற்றை இழுக்கும். அவ்வேளையில் உடல் முன்னும் பின்னும் அசைவதைக் கண்ணாடித் தொட்டியில் நன்றாகப் பார்க்கலாம். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது 7.5 அளவுக்கு இறங்கிவிடும். நத்தையின் தேவையோ, பொதுவாக 10 டிகிரி உயர்வுக்கு இரண்டு மூன்று மடங்காகப் பெருகும். காற்றுச் சுவாசம் மிகவும் தேவைப்படும் அந்த வெப்பநிலையில்தான் மூடிய குப்பி அதற்கு வழியே இல்லாமல் செய்துவிடுகிறது. எனவே, குப்பி அளவீட்டுடன், திறந்த தொட்டியில் ஒரு மணி நேரத்தில் நத்தை எத்தனை முறை மேலே வந்தது என்பதையும் ஒவ்வொரு வெப்பநிலையிலும் குறித்துவைக்க வேண்டும்.

நகர்வை அளப்பது எளிது. தொட்டிக்கு அடியில் வரைபடத் தாளை விரித்தால் போதும். ஆனால் வெப்பம் மிகும்போது, நத்தை ஓட்டுக்குள் ஒடுங்கி, தன் ஓட்டு வாயின் மூடியை அடைத்துக்கொண்டு அசையாமல் கிடக்கலாம். அதைக் கண்டவுடன் இறந்துவிட்டது என்று எழுதிவிடக் கூடாது. கோடையில் குளம் வற்றும்போது மண்ணுக்குள் புதைந்து மாதக்கணக்கில் உயிர் காக்கும் பிராணி அது. சூட்டை மெல்ல மெல்ல ஏற்றி, ஒவ்வொரு நிலையிலும் பழகுவதற்கு அவகாசம் கொடுக்காவிட்டால், நாம் அளப்பது வெப்பநிலையின் விளைவை அன்று, அதிர்ச்சியின் விளைவையே.

மதிப்பெண் இடும் நடுவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நத்தை இல்லாத குப்பி ஒன்றையும் உடன் வைத்து ஒப்பிட்டார்களா, நத்தைகளின் எடையைக் கணக்கில் கொண்டார்களா என்ற இரண்டு கேள்விகளையாவது ஒவ்வொரு குழுவிடமும் தவறாமல் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
தஞ்சாவூர் மாவட்டம்.