நெடுந்தூர பிசினஸ் ஜெட்டும் கொங்குப் பட்டறைகளும்: டிட்கோவுக்கும் தொழில் அமைப்புகளுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவின் நிர்வாகத்தினருக்கும், கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் மாவட்டத் தொழில் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் கோவை கணபதிப் பகுதியில், பிறர் தரும் வரைபடப்படி பாகங்களைச் செய்து கொடுக்கும் ஜாப் ஆர்டர் பட்டறை நடத்துகிறேன். பம்ப், மோட்டார், நூற்பாலை இயந்திரம் ஆகியவற்றுக்கான பாகங்களோடு, சில ஆண்டுகளாக விமானத் துறைக்கான சிறு பாகங்களையும் கடைந்து கொடுத்து வருகிறோம். விமான உதிரிபாகம் என்று பேச்செடுத்தாலே நம் கூட்டங்களில் சூலூரில் நிற்கும் தேஜஸ் போர் விமானமும், நூற்றுக்கணக்கான பயணிகளை ஏற்றும் பெரிய விமானங்களும்தான் முன்னே வருகின்றன. இவ்விரண்டுக்கும் நடுவே, பத்துப் பதினைந்து பேரை மட்டும் ஏற்றிக்கொண்டு கண்டம் விட்டுக் கண்டம் எங்கும் இறங்காமல் பறக்கும் நெடுந்தூர பிசினஸ் ஜெட் என்றொரு வகை இருக்கிறது. நம் பட்டறைகளின் அளவுக்கும் பழக்கத்துக்கும் மிகவும் பொருந்துவது அந்த விமானத்தின் வேலைதான் என்பது என் உறுதியான எண்ணம். அதைப் பெற நமக்குக் குறையாக இருப்பது எது, அதை யார் சேர்ந்து நிறைவு செய்ய வேண்டும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

இந்த வகை விமானம் இன்றைய வடிவத்தை அடைந்தது 1990களில்தான். அமெரிக்காவின் கல்ஃப்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் ஜி-5 விமானம் 1995 நவம்பரிலும், கனடாவின் பம்பார்டியர் நிறுவனத்தின் குளோபல் எக்ஸ்பிரஸ் 1996 அக்டோபரிலும் முதன்முதலாகப் பறந்தன. போட்டி நிறுவனங்கள் இரண்டும் ஒரே குடும்பத்து எஞ்சினையே, அதாவது பிஎம்டபிள்யூ ரோல்ஸ்ராய்ஸ் கூட்டு நிறுவனத்தின் பிஆர்710 எஞ்சினையே, தேர்ந்துகொண்டன. ஏறத்தாழ 12,000 கிலோமீட்டரை ஒரே மூச்சில் கடக்கும் ஆற்றல் அப்போதே ஜி-5 விமானத்துக்கு இருந்தது. பிரான்சின் தஸ்ஸோ நிறுவனம் 2007-ல் கொண்டுவந்த ஃபால்கன் 7எக்ஸ், விமானியின் கட்டளையைக் கம்பி வடங்களின் வழியே அல்லாமல் கணினி வழியே இறக்கைக்குச் செலுத்தும் முறையை பிசினஸ் ஜெட் உலகில் முதன்முதலாகப் புகுத்தியது. 2018 டிசம்பரில் பயன்பாட்டுக்கு வந்த பம்பார்டியரின் குளோபல் 7500 விமானம் ஒரே மூச்சில் பறக்கக்கூடிய தூரம் சுமார் 14,260 கிலோமீட்டர். கோவையிலிருந்து லண்டன் நேர்க்கோட்டில் சுமார் 8,150 கிலோமீட்டர், நியூயார்க் சுமார் 13,500 கிலோமீட்டர் என்பதை வைத்துப் பார்த்தால் அந்த எண்ணின் பெருமை விளங்கும். எதிர்க்காற்றுக்கும் மாற்று விமான நிலையத்துக்கும் எரிபொருள் ஒதுக்க வேண்டியிருப்பதால், நியூயார்க் பயணம் எல்லா நாளும் கைகூடாது என்பது வேறு விஷயம்.

இவ்வளவு தூரம் எப்படிச் சாத்தியமாகிறது என்பதில்தான் நம்மைப் போன்றவர்களுக்கான பாடம் இருக்கிறது. கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி650இஆர் விமானம் புறப்படும்போது இருக்கக்கூடிய உச்ச எடை சுமார் 47 டன். அதில் கிட்டத்தட்ட 22 டன் எரிபொருள். அதாவது ஓடுபாதையை விட்டு எழும் எடையில் ஏறக்குறைய பாதி, இறக்கைக்குள் நிரப்பப்பட்டிருக்கும் எரிபொருள்தான். இதற்கு முந்தைய ஜி650 விமானத்தைவிட இதில் கூடுதலாகச் சேர்க்கப்பட்டது ஏறத்தாழ 1,800 கிலோ எரிபொருள். அதனால் கிடைத்த கூடுதல் தூரம் சுமார் 926 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் கிலோவுக்கு அரை கிலோமீட்டர். விமானத்தின் உடம்பில் ஒரு தாங்கியிலோ, ஒரு கீலிலோ நூறு கிராம் கூடுதலாகத் தங்கிவிட்டாலும், அந்த விமானம் ஓடும் காலமெல்லாம் அதைச் சுமந்துகொண்டே பறக்க வேண்டும். அதனால்தான் ஒரு கனமான அலுமினியக் கட்டியை எடுத்து, அதில் பத்தில் எட்டு ஒன்பது பங்கைச் சீவலாகத் தள்ளிவிட்டு, மீதமுள்ள மெல்லிய விலா எலும்பு போன்ற பாகத்தை மட்டும் அனுப்பச் சொல்கிறார்கள். சுவர் மெலிய மெலிய, வெட்டும்போது உலோகம் அதிர்ந்து வளையும். அதை வளையாமல் வெட்டுவது கையறிவும் இயந்திர அறிவும் சேர்ந்த வேலை. அந்த அறிவு நம் ஊரில் இருக்கிறது.

அடுத்தது எண்ணிக்கை. சிறியதும் பெரியதுமாக எல்லா வகை பிசினஸ் ஜெட்டுகளையும் சேர்த்தே உலகம் முழுவதும் ஆண்டுக்கு எழுநூற்றுச் சொச்சம்தான் விற்பனையாகின்றன. நெடுந்தூர வகை அதில் ஒரு பகுதி மட்டுமே. ஒரு குறிப்பிட்ட விமானத்தின் ஒரு குறிப்பிட்ட பாகம் ஆண்டுக்குச் சில பத்துகள், மிஞ்சிப்போனால் நூறு இருநூறு தேவைப்படும். ஒரே பாகத்தை ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளும் பெரிய ஆலைக்கு இது இலாபமான வேலை அல்ல. ஆனால் காலையில் ஒரு வரைபடத்துக்கும் மாலையில் இன்னொரு வரைபடத்துக்கும் இயந்திரத்தை மாற்றி அமைத்தே பழகிய கணபதி, ஆவாரம்பாளையம், சின்னவேடம்பட்டி, குறிச்சிப் பட்டறைகளுக்கு இதுவே அன்றாட வாழ்க்கை. நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் 1930களில் இறங்கி வந்த நாள்முதல், 1937-ல் நாட்டின் முதல் மின்மோட்டார் இங்கே உருவானது தொட்டு, 1962-ல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் தொடங்கி நூற்பு இயந்திரங்கள் இங்கேயே செய்யப்பட்டது வரை, இந்த மண்ணின் தொழில் வளர்ந்ததே இப்படித்தான். அந்த நிறுவனம் இன்று விமானப் பாகங்களையும் செய்கிறது என்பதைப் பார்க்கும்போது, பெரிய நிறுவனத்தால் முடிந்ததைச் சிறு பட்டறைகள் கூட்டாகச் செய்ய முடியாதா என்ற கேள்வி எனக்கு எழுகிறது.

முடியும். ஆனால் ஓர் இடத்தில் நிற்கிறோம்.

விமானப் பாகம் என்பது கடைசலோடு முடிவதில்லை. எந்த உலையில் உருக்கிய உலோகம், எந்த வார்ப்பு எண், யார் வெட்டினார், எந்தக் கருவியால் அளந்தார் என்பது ஒவ்வொரு பாகத்துக்கும் தாளில் இருக்க வேண்டும். அந்தத் தாள் விமானம் பறக்கும் காலம் முழுவதும் பத்திரமாக இருக்க வேண்டும். இதற்கான ஏஎஸ்9100 தரச்சான்றைச் சிறு பட்டறையும் பெறலாம். உழைப்பும் செலவும் உண்டு என்றாலும் கைக்கெட்டாதது அல்ல. கடினமானது அதற்கு அடுத்த படி. வெட்டி முடித்த பாகத்துக்கு, சூடேற்றி உலோகத்தை உறுதியாக்கும் ஹீட் ட்ரீட்மென்ட், அமிலத் தொட்டியில் மின்சாரம் செலுத்தி அலுமினியத்தின் மேல் காப்புப் படலம் உண்டாக்கும் அனோடைசிங், சாயம் ஊடுருவச் செய்து கண்ணுக்குத் தெரியாத விரிசலைத் தேடும் சோதனை, சிறு குண்டுகளால் பரப்பை அடித்து உறுதியாக்கும் ஷாட் பீனிங் ஆகியவை நடக்க வேண்டும். இவற்றைச் செய்யும் கூடத்துக்கு நாட்கேப் என்ற தனிச் சான்று வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகத் தணிக்கை உண்டு. ஒரு தொட்டி வரிசையை அமைத்து அந்தச் சான்றையும் பெறுவதற்கான முதலீட்டை, பத்து இயந்திரம் வைத்திருக்கும் என்னைப் போன்ற ஒருவர் கனவிலும் போட முடியாது.

ஆகவே எங்கள் பட்டறைப் பாகங்கள் பெங்களூருக்குப் போய்த் திரும்புகின்றன. போக்குவரத்துச் செலவைவிட நேரமே பெரிய இழப்பு. பெரிய வாடிக்கையாளர்களின் வரிசைக்குப் பின்னால் எங்கள் சிறு தொகுதி காத்திருக்கும். அங்கே ஒரு கீறல் விழுந்தால், அது எங்கே விழுந்தது என்ற கேள்விக்கு நடுவில் நாங்கள் நிற்போம். பாகம் வாங்குபவருக்குக் காரணம் தேவையில்லை, சொன்ன நாளில் பொருள் தேவை. நல்ல கைவேலை உள்ள பல பட்டறைக்காரர்கள் இந்த ஒரு காரணத்தாலேயே விமான வேலையைத் தொடத் தயங்குகிறார்கள்.

எனவே டிட்கோவிடம் நான் கேட்பது, கொங்கு மாவட்டங்களின் சிறு பட்டறைகள் அனைத்தும் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தக்கூடிய, நாட்கேப் சான்று பெற்ற ஒரு பொதுக்கூடம். தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோவையும் சேலமும் மையங்களாக இருக்கின்றன. கோவையின் சிறுதொழில் அமைப்பான கொடிசியாவின் வளாகத்தில் பாதுகாப்புத் துறைக்கான புத்தாக்க மையம் இயங்குகிறது. சூலூர் வட்டம் வாரப்பட்டியில் பாதுகாப்புத் தொழிற்பூங்கா திட்டமிடப்பட்டிருக்கிறது. பாதுகாப்புத் துறைக்கான சோதனைக் கூடங்கள் அமைக்க மத்திய அரசு 2020-ல் 400 கோடி ரூபாயில் ஒரு திட்டத்தை அறிவித்து, செலவில் 75 சதவீதம் வரை மானியம் தர முன்வந்தது. அதே மாதிரியில், பங்கு முதலீட்டோடு தொழில் அமைப்புகளும் சேர்ந்தால் இந்தக் கூடம் எட்டாத ஒன்று அல்ல. கடனுக்கு வட்டிச் சலுகை, நிலத்துக்கு விலைச் சலுகை என்று நாம் கேட்டுப் பழகியவற்றையெல்லாம்விட இந்த ஒன்று பயன் தரும்.

இங்கே ஒரு நிபந்தனையையும் நானே முன்வைக்கிறேன், ஏனென்றால் நான் நொய்யல் பாயும் மண்ணில் வாழ்பவன். அனோடைசிங் என்பது அமிலத் தொட்டிகளின் வேலை. அதன் பழைய முறையில் குரோமியத்தின் மிக நச்சான வடிவம் பயன்படுகிறது. சாயக்கழிவு நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் என்ன செய்தது என்பதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் திருப்பூரின் சாய ஆலைகள் மூடப்பட்டபோது எத்தனை குடும்பங்கள் தவித்தன என்பதும் நமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. குரோமியம் இல்லாத டார்டாரிக் அமில முறையை விமான நிறுவனங்களே ஏற்றுக்கொண்டுவிட்டன. ஆகையால் இந்தக் கூடம் முதல் நாளிலிருந்தே ஒரு சொட்டுக் கழிவுநீரையும் வெளியே விடாத அமைப்போடு வர வேண்டும். அதற்கான செலவு திட்ட மதிப்பீட்டின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்படுமானால், அப்படி ஒரு கூடம் நமக்கு வேண்டாம்.

வேலை எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். மிக அருகில் திறந்திருக்கும் கதவு நாக்பூரில் இருக்கிறது. தஸ்ஸோ நிறுவனம் தன் ஃபால்கன் 2000 விமானத்தை ரிலையன்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அங்கே முழுமையாக உருவாக்கப்போவதாக 2025 ஜூனில் பாரிஸ் விமானக் கண்காட்சியில் அறிவித்தது. ஃபால்கன் விமானம் ஒன்று பிரான்சுக்கு வெளியே உருவாவது இதுவே முதல்முறை. 2028-ஐ இலக்காகக் குறித்திருக்கிறார்கள். ஃபால்கன் 2000 சுமார் 7,400 கிலோமீட்டர் பறப்பது, ஆகவே மிக நெடுந்தூர வகையில் சேராது. ஆனாலும் அதன் பாகங்களுக்கான சான்றும், தாளும், சோதனையும் அதே தரத்தில்தான் இருக்கும். அந்த வாடிக்கையாளரிடம் ஒருமுறை நம்பிக்கையைப் பெற்ற பட்டறைக்கு, அதே நிறுவனம் இப்போது உருவாக்கிவரும் ஃபால்கன் 10எக்ஸ் போன்ற நெடுந்தூர விமானத்தின் வேலையைக் கேட்கும் தகுதி தானாக வரும். டிட்கோ நம் பட்டறைகளின் இயந்திரங்கள், சான்றுகள், ஆள் பலம் ஆகியவற்றை ஒரே பட்டியலாக்கி, நாக்பூர் கொள்முதல் பிரிவின் முன் வைக்க வேண்டும். சிறு பட்டறை தனியாகப் போய்க் கதவைத் தட்டினால் வாயிற்காவலரோடு பேச்சு முடிந்துவிடும்.

செல்வந்தர் சிலர் பறப்பதற்கான விமானத்துக்கு அரசுப் பணமா என்ற எதிர்ப்பை நான் மதிக்கிறேன். தனி விமானங்கள் 2023-ல் ஏறத்தாழ 1.56 கோடி டன் கரியமில வாயுவை வெளியிட்டதாகவும், அவற்றின் பயணங்களில் கிட்டத்தட்டப் பாதி 500 கிலோமீட்டருக்கும் குறைவானவை என்றும் 2024-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அந்தக் குறுந்தூரப் பயணங்களுக்கு நான் வாதாட மாட்டேன். கோவையிலிருந்து சென்னைக்கு 2023 ஏப்ரல் முதல் வந்தே பாரத் ஓடுகிறது, அதில் போகலாம். ஆனால் நெடுந்தூர பிசினஸ் ஜெட்டின் பயன் முதலாளிகளின் பயணத்தோடு முடிந்துவிடுவதில்லை. ஜெர்மனியின் ஹாலோ ஆய்வு விமானம் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி550. அது வளிமண்டலத்தை ஆராயப் பறக்கிறது. அமெரிக்காவில் புயலின் மேலே பறந்து அளவெடுப்பது ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் 4. ஸ்வீடனின் குளோபல்ஐ என்ற வான் கண்காணிப்பு விமானம் பம்பார்டியர் குளோபல் விமானத்தின் மீது அமைந்தது. நீண்ட நேரம், மிக உயரத்தில், சிறு குழுவோடு பறக்க வேண்டிய பல வேலைகளுக்கு இந்த விமான உடல் பயன்படுகிறது. நான் விமானம் வாங்கப் பணம் கேட்கவில்லை, விமானத்தின் பாகத்தைச் செய்யும் தகுதி கேட்கிறேன்.

கோவையின் பீளமேடு விமான நிலைய விரிவாக்கத்தோடு இந்தக் கோரிக்கையை முடிச்சுப் போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். விரிவாக்கம் தேவைதான், ஆனால் அது பெரிய விமானங்களுக்காக. அங்குள்ள ஓடுபாதை இப்போதே 2,990 மீட்டர். முழு எடையோடு புறப்படும் குளோபல் 7500-க்குக் கடல்மட்டத்தில் தேவைப்படுவது சுமார் 1,770 மீட்டர். நம் வெயிலுக்கும் உயரத்துக்கும் கூட்டிக்கொண்டாலும் இடம் மிஞ்சும். ஓடுபாதை நீளட்டும் என்று காத்திருந்து 2028-ஐக் கோட்டைவிடக் கூடாது.

தொழில் அமைப்புகளுக்கு ஒன்று. கூடத்தைக் கட்டிவிடலாம், அதில் நின்று சோதித்துக் கையெழுத்திடும் தகுதி பெற்றவர்கள் நம்மிடம் போதுமான அளவில் இல்லை. விரிசல் சோதிக்கும் பணியாளருக்குப் பயிற்சியோடு மேற்பார்வையில் செய்த வேலை நேரமும் கணக்காகிறது. அதை அவசரமாகச் சேர்க்க முடியாது. நம் ஐடிஐகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் படிக்கும் பிள்ளைகளில் ஒரு தொகுதியை இந்த ஆண்டே தேர்ந்தெடுத்து, உதவித்தொகையோடு பயிற்சிக்கு அனுப்புங்கள். பட்டறை உரிமையாளர்கள் அந்தச் செலவில் பங்கேற்கத் தயங்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். நான் தயார்.

டிட்கோ அதிகாரிகள் கோவையில் ஒரு நாள் ஒதுக்கித் தந்தால், விமான வேலை செய்யும் பட்டறைக்காரர்களும் செய்ய விரும்புகிறவர்களும் தங்கள் இயந்திரப் பட்டியலோடும், வெளியே அனுப்பிச் செய்யும் வேலைகளின் விவரத்தோடும் வருவோம். எந்தத் தொட்டி, எந்த உலை, எந்தச் சோதனை முதலில் வேண்டும் என்பதை அந்தப் பட்டியல்களை வைத்தே முடிவு செய்யலாம்.

இப்படிக்கு,
ஜாப் ஆர்டர் பட்டறை உரிமையாளர் ஒருவர்,
கணபதி, கோயம்புத்தூர்.