எலும்பை உயிரோடு காட்டுங்கள்: பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

உயிரியல் பாடநூல் குழுவினருக்கு வணக்கம்.

பல வருடமாக உயிரியல் நடத்துகிறேன். எலும்பு மண்டலப் பாடத்தைத் திறந்தால் முதலில் நிற்பது 206 என்ற எண், பக்கத்தில் ஒரு காய்ந்த எலும்புக்கூடு. அந்த 206 பெரியவர்களின் கணக்கு. பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய 300 துண்டுகள் இருக்கும் என்று வகுப்பில் சொன்னதும் ஒரு மாணவி கேட்டாள்: "அப்போ மீதியெல்லாம் எங்க சார் போச்சு?" எங்கும் போகவில்லை, வளர வளர ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவள் கேட்ட அந்த இடத்தில் பாடத்தைத் தொடங்கியிருக்கலாமே!

நான் செய்வது இதுதான். ஒரு கோழிக்கால் எலும்பைச் சில நாள் வினிகரில் ஊறப்போட்டு எடுத்துப் போவேன். கால்சியம் உப்பெல்லாம் அமிலத்தில் கரைந்துபோய், கொலாஜன் என்ற புரத நார் மட்டும் மிஞ்சியிருக்கும். உருவம் மாறாது, ஆனால் ரப்பர் மாதிரி வளையும். கடைசி பெஞ்சுக்காரன் ஒருவன் அதில் முடிச்சுப் போடப் பார்த்தான். அப்புறம் நன்றாகச் சுட்டெடுத்த இன்னொரு எலும்பு. அதில் நார் எரிந்து உப்பு மட்டும் இருக்கும். விரலால் அழுத்தினால் பொடிப்பொடியாகும். எலும்பின் கெட்டித்தனம் உப்பால் வருகிறது, எளிதில் நொறுங்காத தன்மை நாரால் வருகிறது என்பதற்கு அதன்பிறகு விளக்கமே தேவைப்படாது.

உங்கள் படத்தில் எலும்பு ஏதோ சுண்ணாம்புக் குழாய் போலக் கிடக்கிறது. உள்ளே ரத்தக்குழாய் ஓடுகிறது, நரம்பு இருக்கிறது. பழைய எலும்பை அரித்தெடுக்க ஒரு வகைச் செல், அந்தக் குழியில் புதிதாகக் கட்ட இன்னொரு வகை. குடியிருந்துகொண்டே வீட்டை இடித்துக் கட்டுகிற வேலை! பெரியவர்களுக்கு வருடத்துக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு எலும்பு இப்படிப் புதிதாகிறது. எங்கே கட்டுவது, எங்கே விடுவது என்பதில் எலும்பின் மேல் விழும் சுமைக்குப் பெரிய பங்கு உண்டு. சுமைக்கேற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும் என்று ஜெர்மன் அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892லேயே எழுதிவிட்டார். டென்னிஸ் வீரருக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு தடித்திருக்கும். விண்வெளியில் மிதப்பவருக்கு இடுப்பெலும்பு மாதத்துக்குச் சுமார் 1 சதவீதம் கரையும்.

உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. ரத்தத்தில் அது குறைந்தால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோன் சுரந்து எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையோ நொடிக்கு இருபது லட்சத்துக்கும் மேல் சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. இவ்வளவுக்கும் நீங்கள் ஒதுக்கியது ஒன்றரை வரி. எலும்புகளின் பெயர்ப் பட்டியலுக்கு இரண்டு பக்கம்.

ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எலும்பின் பணிகள் என்ன என்ற தேர்வுக் கேள்விக்கு என் மாணவன் ஒருவன், "தேய்ந்ததைத் தானே கட்டிக்கொள்ளும், ரத்தத்துக்குக் கால்சியம் கடன் கொடுக்கும்" என்று எழுதினான். விடைக்குறிப்பில் இருந்தது உருவம், தாங்குதல், பாதுகாப்பு. அரை மதிப்பெண்தான் கிடைத்தது.

அடுத்த பதிப்பில், மிகச் சிறிய எலும்பு எது என்ற கேள்வியை எடுத்துவிட்டு இதைக் கேளுங்கள்: ஆறு வாரம் மாவுக்கட்டில் இருந்த கையின் எலும்பு ஏன் இளைத்துப்போகிறது?

அன்புடன்,
ஓர் உயிரியல் ஆசிரியர்