முன்மதில் திருப்பணி நிறைவு அறிக்கை

உபயதாரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

முன்மதில், நுழைவு வளைவு இரண்டும் முடிந்து சாரமும் பிரித்தாகிவிட்டது. வரவு செலவு தனித்தாளில் இருக்கிறது. அதில் "சாலை போர்டு, கோன்" என்று ஒரு செலவு எதற்கு என்று பலர் கேட்டீர்கள், அதை மட்டும் இங்கே விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

மதிலுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் பத்தடிகூடக் கிடையாது, கொத்தனார் முதுகை ஒட்டித்தான் பஸ் போகும். முதல் வாரம் நாங்கள் கட்டியது ஃப்ளெக்ஸ்: மேலே பிள்ளையார், கீழே உபயதாரர் பெயர்கள், நடுவில் "திருப்பணி நடைபெறுகிறது, மெதுவாகச் செல்லவும்". ஒருவரும் வேகத்தைக் குறைக்கவில்லை. டீக்கடையில் ஒரு லாரி டிரைவரிடம் கேட்டேன். "கும்பாபிஷேக பேனர்னு நெனச்சேன்ணே" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வினாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. கண்ணில் பட்டு, மனசில் வாங்கி, பிரேக்கில் கால் வைக்கவே 2.5 வினாடி ஆகும் என்பது சாலைகளுக்குத் தர அளவுகள் வகுக்கும் ஐ.ஆர்.சி. (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) அமைப்பின் கணக்கு; வண்டி நிற்க மொத்தம் 120 மீட்டர் வேண்டும். நாங்களோ ஃப்ளெக்ஸைச் சாரத்திலேயே கட்டியிருந்தோம்!

அப்புறம்தான் மண்வெட்டி ஆள் படம் போட்ட சிவப்பு முக்கோண போர்டை 200 மீட்டர் முன்னாலேயே வைத்து, கோன்களைச் சாய்வாக அடுக்கி, சிவப்புக் கொடியோடு ஓர் ஆளையும் நிறுத்தினோம். போர்டைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தவர்கள்கூடக் கொடிக்காரரைக் கண்ட பிறகுதான் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார்கள்.

வேலை நடக்காத நேரத்திலும் போர்டு நின்றால், தினமும் அந்த வழியே போகிறவர்கள் அதை மதிப்பதையே விட்டுவிடுவார்கள். அதனால் ஆறு மணியானால் சாக்குப் போட்டு மூடிவிடுவோம். அதிலும் ஒரு தப்பு நடந்துவிட்டது. ஒருநாள் எம்-சாண்ட் ரோட்டோரம் வழிந்து கிடந்தபோதே போர்டை மூடி, கோன்களையும் உள்ளே எடுத்து வைத்துவிட்டோம். பைக்கில் வந்த ஒரு தம்பி சறுக்கி விழுந்ததில் முழங்கை உரிந்துவிட்டது. முழுக்க எங்கள் கவனக்குறைவு. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, மருந்துச் செலவையும் கொடுத்தோம், அதுவும் கணக்கில் இருக்கிறது. மறுநாளிலிருந்து ஆள் படம் போட்ட போர்டுக்கு மட்டும்தான் சாக்கு. மணலைச் சுற்றி ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டிய கோன்கள் விடிய விடிய நின்றன.

இப்போது போர்டு இரண்டும் கோன் இருபதும் மடப்பள்ளிக்குப் பக்கத்து அறையில் இருக்கின்றன. ரோட்டோரம் வீடு கட்டும் ஒருவர் கேட்டிருக்கிறார், கொடுக்கப் போகிறோம். வேறு யாருக்கு வேண்டுமானாலும் நோட்டில் எழுதிவிட்டு எடுத்துப் போகலாம்.