ஆங்கிலத்தில் திருப்தியைச் சொல்லும்போது

ஆசிரியருக்கு,

ஆங்கிலத்தில் நன்றிக் கடிதம் எழுதுபவர்கள் 'வெரி வெரி ஹேப்பி' என்று அடுக்குவதை விட்டுவிட்டு ஒப்பீட்டுத் தொடர்களைப் பழக வேண்டும். 'ஐ குடின்ட் பி ஹேப்பியர்' என்றால் இதைவிட மகிழ்ச்சி எனக்குக் கிடையாது என்று அர்த்தம். எதிர்மறை மாதிரி தெரிந்தாலும் உச்சகட்டத் திருப்தி அதுதான். ஆனால் கடைசியில் வரும் அந்த 'அர்' விழுந்துவிட்டால், 'ஐ குடின்ட் பி ஹேப்பி' என்றாகி, என்னால் மகிழ்ச்சியாக இருக்க முடியவில்லை என்று நேர்மாறாகப் போய்விடும், படிப்பவர் முகம் மாறிவிடும். அப்புறம் 'பெட்டர் தேன் எக்ஸ்பெக்டட்', அதாவது எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. பாராட்டத்தான் எழுதுகிறோம், ஆனால் உங்களிடம் இவ்வளவு எதிர்பார்க்கவில்லை என்ற தொனியும் சேர்ந்தே போகிறது. பாராட்டு மட்டும் போய்ச் சேர 'குடின்ட் ஹேவ் ஆஸ்க்டு ஃபார் பெட்டர்', அதாவது இதைவிடச் சிறப்பாகக் கேட்டிருக்க முடியாது என்று எழுதலாம். இலக்கண வகுப்பை, ஒருவரைவிட இன்னொருவர் உயரம் என்று சொல்லும் 'டாலர் தேன்' (taller than) பயிற்சியோடு நிறுத்தாமல் இதையும் சொல்லிக்கொடுங்கள், ஆங்கில ஆசிரியர்களே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்