அளவு கேட்டுக் கேள்வி அனுப்புவது ஏன்? தோல் ஒட்டு கோடிங் பற்றி ஒரு மடல்

அன்புள்ள மருத்துவர்களுக்கும் அவர்களின் பில்லிங் அலுவலக நண்பர்களுக்கும்,

வணக்கம். தோல் ஒட்டு (ஓரிடத்துத் தோலை எடுத்துப் புண்ணின் மேல் வைப்பது) ஆபரேஷன் நோட்டை அனுப்பிய அன்றே "அளவு காணோமே" என்று, பில்லுக்கான கோடு எண்களைப் போடும் எங்களிடமிருந்து கேள்வி திரும்பி வருவது உங்களில் பலருக்கு எரிச்சலாக இருக்கிறது என்று தெரிகிறது. "பெரிய புண் என்று எழுதியிருக்கிறேனே, போதாதா?" என்று ஒரு மருத்துவர் போனிலேயே கேட்டுவிட்டார். போதாது. அதை விளக்கத்தான் இந்த மடல்.

அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சிபிடி தொகுப்பில் (மருத்துவர் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் பில்லுக்கான எண் தரும் பட்டியல்) தோல் ஒட்டுக் கோடுகள் பெரும்பாலும் சதுர சென்டிமீட்டர் கணக்கில்தான் ஓடுகின்றன. உடல், கை, காலில் மெல்லிய தோல் ஒட்டு வைத்தால் முதல் 100 சதுர செ.மீ. வரை 15100. அதற்கு மேல் ஒவ்வொரு 100-க்கும், மிஞ்சும் துண்டுக்கும், ஒரு 15101. தொடையில் 230 சதுர செ.மீ. மூடியிருந்தால் ஒரு 15100, இரண்டு 15101. நோட்டில் எண் இல்லாவிட்டால் வெறும் 15100 போட்டு அனுப்ப வேண்டியதுதான். நீங்கள் மூடிய பரப்பில் பாதிக்கு மேல் கணக்கிலேயே வராது.

சரி, எந்த அளவு? இங்கேதான் அதிகம் குழப்பம். ஒட்டு வைத்த இடத்தின் அளவுதான் வேண்டும். தோலை எடுத்து, மெஷ் போட்டு (வலைபோலத் துளையிட்டு) விரித்து வைக்கிறீர்கள். எடுத்தது 80, மூடியது 150 என்றால் கோடு 150-க்குத்தான். பல நோட்டுகளில் எடுத்த தோலின் நீள அகலம் அழகாக இருக்கும், புண்ணின் அளவு இருக்காது. கொழுப்பு ஒட்டிலும் இதே கதைதான். லைப்போசக்‌ஷனில் எவ்வளவு உறிஞ்சினீர்கள் என்பதை அதற்கான கோடு 15771 கேட்பதில்லை. எத்தனை சிசி செலுத்தினீர்கள் என்றே கேட்கிறது. கொழுப்பை வெட்டி எடுத்து வைத்திருந்தால் அது 15769, அதற்கு அளவே தேவையில்லை. ஆகவே உறிஞ்சி எடுத்ததா, வெட்டி எடுத்ததா என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள்.

பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு 15100 வகைக் கோடுகள் என்றால் உடல் பரப்பில் எத்தனை சதவீதம் என்று எழுதுங்கள்.

அப்புறம் இடம். தமிழில் தோள் முதல் விரல் நுனி வரை எல்லாமே கை. தொடையும் கால், பாதமும் கால். சிபிடி அப்படி விடாது. மணிக்கட்டும் கணுக்காலும் வரை ஒரு கூட்டம். மணிக்கட்டுக்குக் கீழே உள்ள கை, விரல்கள், பாதம் எல்லாம் முகம், கழுத்தோடு சேர்ந்து வேறு கூட்டம், அதற்கு 15120. ஒரே கூட்டத்துப் புண்களின் அளவைக் கூட்டிக்கொள்ளலாம், இரண்டு கூட்டங்களை ஒன்றாகக் கூட்டக் கூடாது. தோலின் முழு ஆழத்தையும் எடுக்கும் முழுத் தடிமன் ஒட்டில் இந்தப் பிரிவு இன்னும் நுணுக்கம்: மூக்கு, காது, இமை, உதட்டுக்குத் தனிக் கோடு, அலகும் 20 சதுர செ.மீ. தோல் எடுத்த இடத்தை நேராகத் தைத்து மூடுவது அதிலேயே அடக்கம், தனியாகக் கேட்க முடியாது.

தோலுக்கு மாற்றாக வைக்கும் பொருட்களுக்கு 15271 முதல் 15278 வரை. மொத்தப் புண் 100 சதுர செ.மீ.க்குள் என்றால் 25, 25 ஆக எண்ண வேண்டும். 100-ஐத் தொட்டால், இடத்தைப் பொறுத்து 15273-க்கோ 15277-க்கோ தாவ வேண்டும். பவுடராகத் தூவியதும் ஜெல்லாகத் தடவியதும் இதில் சேராது. பிரித்த பாக்கெட்டில் எவ்வளவு வைத்தீர்கள், எவ்வளவு வீணானது என்பதையும் குறித்துவிடுங்கள்.

காப்பீட்டுக்கு அனுப்பும் க்ளெய்ம் அதிகம் திரும்பி வருவது, ஒட்டு வைக்கும் இடத்தைத் தயார் செய்வதற்கான 15002-இல். "புண்ணைச் சுத்தம் செய்தேன்" என்ற ஒரு வரியை வைத்து அதைக் கேட்க முடியாது. ஒட்டு பிடிக்கும்படி கெட்ட திசுவையோ தீப்புண் பொருக்கையோ தழும்பையோ வெட்டி எடுத்து நல்ல தளம் உண்டாக்கினீர்கள் என்று நோட்டில் இருக்க வேண்டும், அளவோடு. தானாக ஆறட்டும் என்று விடப்போகும் புண்ணுக்கு இந்தக் கோடு கிடையாது.

எலும்பு, குருத்தெலும்பு, தசைநாண் ஒட்டுகளில் மட்டும் நிலைமை தலைகீழ். 20900 முதல் 20924 வரை உள்ளவை எடுக்கும் வேலைக்கான கோடுகள். வேறொரு கீறல் போட்டு எடுத்தீர்களா என்று நோட்டில் இல்லாவிட்டால், நிச்சயம் கேள்வி வரும். முதன்மை ஆபரேஷனின் கோடிலேயே எடுக்கும் வேலை அடங்கியிருந்தால் அதற்குத் தனியாக எதுவும் இல்லை.

எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுகிறோம். முன்பு சில நோட்டுகளில் அளவைப் படத்திலிருந்து நாங்களே ஊகித்துப் போட்டோம். அதை நிறுத்திவிட்டோம். தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியது உங்கள் பெயர்தான்.

நிலுவையில் உள்ள நோட்டுகளின் பட்டியலை உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக அனுப்புகிறோம். புண் பதிவேட்டில் அளவு இருந்தால், அதைக் காட்டித் தேதியிட்ட கூடுதல் குறிப்பு ஒன்று எழுதி அனுப்புங்கள். பதிவேட்டிலும் இல்லையென்றால் முதல் அலகுக்கு மட்டும் பில் போட்டுவிடுகிறோம்.

அன்புடன்,
உங்கள் கோடிங் குழுவினர்